கடைசி இடத்து அணியின் கேப்டன்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "என் பொழுதுபோக்கு". தொழில் பற்றிப் பேச வேண்டாம், அதைப் பேச நாலு பேர் இருக்கிறார்கள் என்று செயலாளர் அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நல்லது. ஆனால் என் பொழுதுபோக்கைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கடந்த பத்து வருடமாக நான் இங்கிலாந்தில் லெஸ்டர்ஷைர் கவுண்டி கிரிக்கெட் அணியை நிர்வகித்து வருகிறேன். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது, நீக்குவது, சம்பளம் பேசுவது, டாஸ் ஜெயித்தால் பேட்டிங்கா பௌலிங்கா என்று முடிவு செய்வது எல்லாம் நான்தான். லெஸ்டருக்கு நான் போனதே இல்லை. எல்லாம் என் வீட்டு ஹாலில், கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது.

'இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. 1998ல் முதல் பதிப்பு வந்தது. பின்னால் பெயரைச் சுருக்கி 'கிரிக்கெட் கேப்டன்' ஆக்கிவிட்டார்கள். இதில் நீங்கள் மட்டையைப் பிடித்து அடிக்க முடியாது, பந்து போட முடியாது. அந்த மாதிரி விளையாட்டு வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. இதில் நீங்கள் கேப்டனும் மேனேஜரும் மட்டும். யார் ஆட வேண்டும், எந்த ஓவரை யார் போட வேண்டும், பீல்டர் எங்கே நிற்க வேண்டும், பேட்ஸ்மேன் எவ்வளவு துணிந்து ஆட வேண்டும் என்று சொல்லலாம். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். நம் தொழிற்சாலைகளில் மேனேஜர் என்ன செய்கிறாரோ அதேதான்.

2006ல் நம்ம ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் அறையில்தான் இதை முதலில் பார்த்தேன். மற்ற அறைகளில் எல்லாம் துப்பாக்கிச் சத்தம், குண்டு வெடிக்கிற சத்தம். அங்கே மட்டும் ஸ்கோர்கார்டும், ஒரு இங்கிலீஷ்காரர் நிதானமாக வர்ணனை சொல்கிற குரலும். ஆரம்பகாலப் பதிப்புகளில் அந்தக் குரல் ஜொனதன் ஆக்னியூவுடையது. பி.பி.சி. வர்ணனையாளராக உலகத்துக்குத் தெரிந்தவர். அதற்கு முன்னால் அவர் லெஸ்டர்ஷைரின் வேகப்பந்து வீச்சாளர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "என்னண்ணே இது, பேங்க் பாஸ்புக் மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். "உட்காரு, சொல்றேன்" என்றார். மூன்றாவது செமஸ்டர் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

கவுண்டி கிரிக்கெட் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய வேண்டும். கவுண்டி சாம்பியன்ஷிப் 1890ல் முறைப்படி ஆரம்பித்தது. 1992ல் டர்ஹம் சேர்ந்ததோடு முதல்தர கவுண்டிகள் 18 ஆயின. 1993 முதல் எல்லா ஆட்டமும் நாலு நாள். 2000ல் இரண்டு டிவிஷனாகப் பிரித்தார்கள். ஜெயிக்கிற கவுண்டி மேலே போகும், தோற்கிறது கீழே வரும். ஏப்ரல் மாதக் குளிரில் பச்சைப் புல்லோடு பிட்ச் இருக்கும்போது ஆரம்பித்து, செப்டம்பரில் முடியும். ஓவல் மாதிரி டெஸ்ட் மைதானம் வைத்திருக்கிற கவுண்டிகளிடம் பணம் இருக்கும். லெஸ்டர்ஷைரின் கிரேஸ் ரோடு மைதானத்தில் ஆண்கள் டெஸ்ட் ஆட்டம் நடந்ததே கிடையாது. கையில் காசு எப்போதும் இழுபறி.

அப்படிப்பட்ட கவுண்டி மூன்று முறை சாம்பியன் ஆகியிருக்கிறது. 1975ல் ரே இல்லிங்வொர்த் தலைமையில் முதல் முறை. அப்புறம் 1996, 1998 இரண்டு தடவையும் ஜேம்ஸ் விட்டேக்கர் காலத்தில். பெரிய பெயர்கள் நிறைந்த அணி இல்லை அது. மேற்கிந்தியத் தீவுகளின் ஃபில் சிம்மன்ஸ் இருந்தார். மற்றவர்கள் பெரும்பாலும் மற்ற இடங்களில் பெரிதாகப் பேசப்படாதவர்கள். இருபது ஓவர் கோப்பையையும் 2004, 2006, 2011 என்று மூன்று முறை எடுத்தார்கள். ஆனால் நாலு நாள் கிரிக்கெட்டில் சரிவு. 2003ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2013, 2014 இரண்டு முழு சீசனில் சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஒன்றுகூட! 2012 செப்டம்பருக்கு அப்புறம் அவர்களுடைய அடுத்த வெற்றி 2015 ஜூனில், செம்ஸ்ஃபோர்டில் எஸ்ஸெக்ஸுக்கு எதிராக வந்தது. ஏறத்தாழ ஆயிரம் நாள் ஒரு தொழில்முறை அணி ஜெயிக்காமலேயே காலையில் எழுந்து, ஷூ மாட்டி, பயிற்சிக்குப் போயிருக்கிறது. அதை நினைத்துப் பார்த்தேன். அந்த வருடப் பதிப்பில் எந்தக் கவுண்டி வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டபோது யோசிக்காமல் லெஸ்டர்ஷைரைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் சீசன் எதிர்பார்த்தபடியே போயிற்று. 16 ஆட்டத்தில் ஒரு வெற்றி. ஒன்பதில் ஒன்பதாவது இடம். அந்த ஒரு வெற்றியும் எதிரணி மூன்றாவது நாள் மதியம் என்ன காரணத்தாலோ மடமடவென்று சரிந்ததால் வந்தது.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

இந்த விளையாட்டில் ஒரு வினோதம். ஒரு ஆட்டக்காரர் எவ்வளவு திறமைசாலி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், நமக்குச் சொல்லாது. வேறு பல விளையாட்டுகளில் "இவருக்கு நூற்றுக்கு 84" என்று மார்க் போட்டிருக்கும். இதில் அது கிடையாது. எத்தனை ரன், எத்தனை இன்னிங்ஸ், சராசரி எவ்வளவு, வயது என்ன, எவ்வளவு சம்பளம் கேட்கிறார், இவ்வளவுதான் தெரியும். அதிலிருந்து நாமே கணிக்க வேண்டும். சீசன் முடிந்ததும் கையிலிருக்கிற பணத்துக்குள் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.

முதல் சீசன் முடிவில் என் தொடக்க ஆட்டக்காரர் ஒருவர், வயது 35, சராசரி 24. இன்னொரு பையன், வயது 22, சராசரி 36. பணம் ஒருவருக்குத்தான் இருந்தது. பெரியவருக்குச் சம்பளமும் கொஞ்சம் அதிகம். யாரைக் கேட்டாலும் பையனை வைத்துக்கொள் என்பார்கள். என் அறைத்தோழனாக இருந்தவனிடம் போனில் கேட்டேன். "இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றான்.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். நம்ம நம்பகத்தன்மைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? பல்பு எப்போது எரிந்துபோகும், பேரிங் எப்போது தேயும் என்று கணக்குப் போடுவோமே. ஒவ்வொரு மணி நேரத்திலும் பழுதாகிற வாய்ப்பு ஒரே அளவு என்றால், ஆயுட்காலத்தின் சிதறல் சராசரி ஆயுள் அளவுக்கே இருக்கும். பேட்ஸ்மேன் சராசரி என்பதும் ஒரு விதத்தில் அதுதான். இரண்டு பழுதுக்கு நடுவில் எத்தனை ரன் என்கிற கணக்கு. ஒவ்வொரு பந்திலும் அவுட் ஆகிற வாய்ப்பு கிட்டத்தட்ட ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், 30 சராசரி உள்ளவருக்கு ஒரு இன்னிங்ஸின் சிதறலும் 30 ரன்னுக்குப் பக்கத்தில். நிஜத்தில் வந்த புதிதில் அவுட் ஆகிற வாய்ப்பு அதிகம். நின்றுவிட்டால் குறையும். புது மெஷின் முதல் வாரத்தில் தகராறு செய்கிற மாதிரி. விளையாட்டிலும் பேட்ஸ்மேன் எவ்வளவு நிலைத்துவிட்டார் என்று காட்ட ஒரு பட்டை இருக்கிறது. அதை இப்போதைக்கு விடுங்கள்.

ஒரு சீசனில் 25 முறை அவுட் ஆனார் என்றால், சராசரியில் இருக்கிற தடுமாற்றம் 30ஐ 25ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும். 30ஐ 5 ஆல் வகுத்தால் 6. அதாவது உண்மையில் 30 ரன் தகுதி உள்ள ஒருவர், எதுவும் மாறாமல், உடம்பு நன்றாக, மனசு நன்றாக இருந்தும், ஒரு வருடம் 24 எடுக்கலாம், அடுத்த வருடம் 36 எடுக்கலாம். மூன்றில் ஒரு வருடம் அந்த எல்லையையும் தாண்டிப் போவார். என் முன்னால் இருந்த எண்கள் என்ன? 24, 36. இரண்டு பேருமே ஒரே திறமையாக இருக்கலாம்! ஒரு வருட எண்ணை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம்.

பெரியவரின் முந்தைய மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்த்தேன். 33. பையனுக்கு முந்தைய வருடம் ஆறே இன்னிங்ஸ், சொல்வதற்கு ஒன்றுமில்லை. பெரியவரை வைத்துக்கொண்டேன். பையனை வேறு கவுண்டி எடுத்துக்கொண்டது.

அடுத்த வருடம் பெரியவர் 31 எடுத்தார். அந்தப் பையன் புது இடத்தில் 28. கைதட்டாதீர்கள், இருங்கள். நான் இப்போது சொன்ன அதே கணக்குப்படி, 31க்கும் 28க்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றையும் நிரூபிக்காது. அதைச் சாதனை என்று சொல்லிக்கொண்டால் முதலில் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடும்.

பௌலர் விஷயம் கொஞ்சம் பரவாயில்லை. பேட்ஸ்மேன் வருடத்துக்கு 25 தடவை அவுட் ஆகிறார். ஒரு நல்ல பௌலர் 50 விக்கெட் எடுக்கிறார். எண்ணிக்கை இரட்டிப்பானால் தடுமாற்றம் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே என் கொள்கை இப்படி ஆயிற்று: புதிதாக வாங்குவது என்றால் பௌலரை வாங்கு, அவன் எண்ணை ஓரளவு நம்பலாம். பேட்ஸ்மேன்களை அவசரப்பட்டு மாற்றாதே. ஏழை அணிக்கு இது நல்ல கொள்கை. பணக்கார அணி எல்லோரையும் வாங்கிப் போட்டுவிட்டு எது தேறுகிறதோ தேறட்டும் என்று இருக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது, புள்ளிக் கணக்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அப்போது சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 16 புள்ளி, டிராவுக்கு 5. இது தவிர முதல் இன்னிங்ஸில் 110 ஓவருக்குள் எடுக்கிற ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் தனியாகப் போனஸ் உண்டு, தோற்றாலும் அது நம்முடையது. பலவீனமான அணி என்றால் எல்லோரும் சொல்வது "டிரா பண்ணு, மானத்தைக் காப்பாற்று". கணக்குப் பாருங்கள். நாலாவது நாள் காலை, நான் டிக்ளேர் செய்யாமல் ஆடிக்கொண்டே இருந்தால் நிச்சயம் 5 புள்ளி. டிக்ளேர் செய்தால் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஜெயித்தால் 11 புள்ளி கூடுதல், தோற்றால் 5 புள்ளி நஷ்டம். அப்படியானால் தோற்கிற வாய்ப்பு ஜெயிக்கிற வாய்ப்பைப் போல் இரண்டு மடங்கு இருந்தால்கூட டிக்ளேர் செய்வதே லாபம்! பலவீனமான அணிதான் துணிந்து ஆட வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது.

இரண்டாவது சீசனிலிருந்து நான் இப்படியே ஆடினேன். பயங்கரமாகத் தோற்றேன். ஒரு தடவை எதிரணிக்கு 70 ஓவரில் 270 கொடுத்து, அவர்கள் எட்டு ஓவர் மீதி வைத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஜெயித்தும் ஜெயித்தேன். அந்த சீசன் முடிவில் நாலு வெற்றி, எட்டுத் தோல்வி, ஆறாவது இடம். பக்கத்து இடத்து அணி என்னைவிடக் குறைவாகவே தோற்றிருந்தது, டிராவாகச் செய்து தள்ளி எனக்குக் கீழே இருந்தது.

நிஜ உலகத்தில் இந்த விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். 2023ல் டிராவுக்கு 5 புள்ளி, 2024ல் 8 ஆக்கினார்கள். வெற்றி 16, டிரா 8 என்றால் என்ன ஆகிறது? லாபமும் 8, நஷ்டமும் 8. ஜெயிக்கிற வாய்ப்பு தோற்கிற வாய்ப்பைவிட அதிகம் என்றால் மட்டும் டிக்ளேர் செய். அதே கேப்டன், அதே பிட்ச், அதே பௌலர்கள். மூன்று புள்ளியை மாற்றியதும் துணிச்சல்காரன் ஜாக்கிரதைக்காரன் ஆகிவிடுகிறான். ஒருவனைப் பார்த்து "இவன் பயந்தாங்கொள்ளி" என்று சொல்வதற்கு முன்னால் அவனுக்கு என்ன புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் இப்போதெல்லாம் பார்க்கிறேன். எங்கள் கம்பெனியில் சேல்ஸ் ஆட்களும் புரொடக்‌ஷன் ஆட்களும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டரில் இல்லாத விஷயமும் இருக்கிறது, சொல்ல வேண்டும். அதில் டிரெஸ்ஸிங் ரூம் கிடையாது. மூன்று ஆட்டம் உட்கார வைத்தால் அந்தப் பேட்ஸ்மேன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. மூத்தவரை அனுப்பினால் மற்றவர்கள் முணுமுணுப்பதில்லை. 1996 லெஸ்டர்ஷைர் அணி பற்றிப் படித்தால், விக்கெட் விழுந்ததும் எல்லோரும் தோளில் கை போட்டு வட்டமாக நின்று பேசுவார்களாம், அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அந்த வட்டத்துக்கு விளையாட்டில் பட்டன் இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அச்சாக எடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் வளர்த்த பையனைப் பெரிய கவுண்டி கொண்டுபோவது. நிஜத்தில் ஸ்டூவர்ட் பிராடு லெஸ்டர்ஷைரில் வளர்ந்து 2008ல் நாட்டிங்ஹாம்ஷைருக்குப் போனார். ஜேம்ஸ் டெய்லர் 2012ல் அதே வழி. லெஸ்டருக்கும் நாட்டிங்ஹாமுக்கும் நாற்பது கிலோமீட்டர் இருக்கலாம், அவ்வளவுதான். அங்கே டெஸ்ட் மைதானம் இருக்கிறது. குற்றம் சொல்ல முடியுமா? எனக்கும் அப்படியே. நாலு வருடம் பொறுமையாக வலைப்பயிற்சி கொடுத்து வளர்த்த ஒரு இடதுகை ஸ்பின்னர், நாற்பது விக்கெட் எடுத்த வருடமே என்னைவிட இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் பையன்தான், ஆனாலும் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை. எங்கள் தொழிற்சாலையிலும் டிரெயினியை எடுத்து, லேத்தில் நிறுத்தி, மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, இரண்டாவது வருடம் தேறுகிற சமயத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி கூப்பிட்டுக்கொள்ளும். இங்கே முன்வரிசையில் அப்படிப் போன இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்கிறார்கள், பாருங்கள்.

பணம் இல்லாத கவுண்டி என்ன ஆகும் என்பதற்கு நிஜத்திலேயே உதாரணம் உண்டு. 2016ல் டர்ஹம் கடனில் மூழ்கியபோது கிரிக்கெட் போர்டு காப்பாற்றியது. பதிலுக்கு இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கி, அடுத்த சாம்பியன்ஷிப் சீசனை மைனஸ் 48 புள்ளியில் ஆரம்பிக்க வைத்தது. மூன்று முறை சாம்பியன் ஆன அணி அது. அதனால் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பணத்தை மிச்சம் வைத்துக்கொண்டேதான் நான் ஆட்டக்காரர்களிடம் பேரம் பேசுகிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரர் விஷயத்தில்கூட. 2017ல் நம்ம அஸ்வின் வொர்ஸ்டர்ஷைருக்குப் போய் ஆடினார், அந்த வருடம் அவர்கள் இரண்டாம் டிவிஷனில் முதலிடம். எனக்கும் ஆசைதான். விலையைப் பார்த்துவிட்டுத் திரையை மூடிவிட்டேன்.

தொழிலைப் பற்றிப் பேசாதே என்றார்கள். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், அண்ணன் மன்னிக்க வேண்டும்.

சில வருடம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், பெயர் வேண்டாம், பம்ப் ஷாஃப்ட் கடைகிற பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒன்பது ஆபரேட்டர்கள். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற முறை. ஒரு வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு: ஒன்பது பேரையும் வரிசைப்படுத்து, கடைசி ஆளுக்கு ஒப்பந்தம் கிடையாது. வரிசைக்கு அளவுகோல் அந்தக் காலாண்டின் ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை. கடைசியில் வந்தவர் எங்களில் மூத்தவர், நாற்பத்தேழு வயது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார், எவ்வளவு சொன்னாலும் மாற்ற மாட்டார். பெரிய பெண் அப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். மாதத்துக்கு மற்றவர்கள் ஏழு, எட்டு, பத்து என்று இருக்க, இவருக்கு பன்னிரண்டு.

பட்டியல் என் மேஜைக்கு வந்த அன்று எனக்கு அந்த 35 வயது தொடக்க ஆட்டக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

அபூர்வமாக நடக்கிற சம்பவங்களை எண்ணினால், எண்ணிக்கையின் தடுமாற்றம் கிட்டத்தட்ட அதன் வர்க்கமூலம். பிரிவின் மாதச் சராசரி ஒரு ஆளுக்கு 9. வர்க்கமூலம் 3. அப்படியானால் 6 வருவதும் சகஜம், 12 வருவதும் சகஜம். ஒன்பது பேரை வரிசையில் நிறுத்தினால் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் கடைசியில் இருந்தே தீருவார், எல்லோரும் சமமான வேலைக்காரர்களாக இருந்தாலும். பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து 36 மாதத்தைப் பார்த்தேன். ஒன்பது பேரும் ஒரு தடவையாவது கடைசியில் இருந்திருக்கிறார்கள். இந்த அண்ணன் ஆறு தடவை. சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டாலே ஒருவருக்கு நாலு தடவை வரும், ஆறு ஒன்றும் அதிசயம் இல்லை. அது போக அவர் நின்றது எங்களிடம் இருந்ததிலேயே பழைய மெஷினில்.

இதை ஒரே தாளில் எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் ஒரு பெயர் எழுதி மேலே அனுப்ப வேண்டும். "நீங்க சொல்றது சரின்னா யாரையுமே வரிசைப்படுத்த முடியாதே?" என்றார். "மூணு மாச எண்ணிக்கையை வச்சு முடியாது சார். மூணு வருஷத்தை வச்சுப் பார்த்தா ஓரளவு முடியும்" என்றேன். "மூணு வருஷத்தில் யார் கடைசி?" என்று கேட்டார். அவர் கேட்பார் என்று தெரியும். சொன்னேன். அது வேறொரு ஆள், வித்தியாசமும் மிகச் சொற்பம். "அப்ப அவரை எழுதலாமா?" அந்த வித்தியாசத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் முடிவை அடுத்த காலாண்டுக்குத் தள்ளி வைக்கச் சொல்லி மேலே எழுதினார். அதற்கே அவருக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த இடைவெளியில் பராமரிப்புக்காரர்கள் அந்த மெஷினின் ஸ்பிண்டில் பேரிங்கை மாற்றினார்கள். அடுத்த மூன்று மாதம் அவருடைய எண்ணிக்கை 8, 5, 7. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பாருங்க, நீங்க சொன்னது சரியாப் போச்சு" என்றார். "சார், பேரிங்கினால குறைஞ்சிருக்கலாம். இந்த மூணு மாசக் கணக்கை மட்டும் வச்சு அதையும் நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றேன். சிரித்துவிட்டார். "உங்களோட பேசறது ரொம்பக் கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே ஒன்பது ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். அந்த அண்ணன் அதற்குப் பிறகு ஐந்து வருடம் அங்கே வேலை பார்த்தார். இந்தத் தாள் விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தம்பி தங்கைகளில் சிலர் இந்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் என் கம்பெனிக்காக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம். கிரிக்கெட் கணக்கில் அது ஒரு இன்னிங்ஸ்கூட இல்லை, முதல் ஆறு பந்து. பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டே பந்து ஆடி பூஜ்யத்தில் அவுட் ஆனார். அதை மட்டும் பார்த்த ஒருவர் என்ன மார்க் போட்டிருப்பார்? நாங்கள் போடுகிற மார்க்கும் அந்த லட்சணம்தான் என்று எங்கள் எச்.ஆர். துறையிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக மார்க் போடுகிறோம். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆறு பந்து பன்னிரண்டு பந்து ஆகியிருக்கிறது.

சரி, என் லெஸ்டர்ஷைர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாவது சீசனில் மூன்றாவது இடம். நாலாவது சீசனில் கடைசி நாள் மழைக்கு நடுவில் ஒரு ஓட்டத்தை மடக்கி இரண்டாவது இடம் வந்து முதல் டிவிஷனுக்குப் போனேன். அந்தப் பெரியவர் அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றிருந்தார். முதல் டிவிஷனில் சர்ரேயும் யார்க்ஷைரும் என்னைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அடுத்த வருடமே இறங்கினேன். பிறகு ஏறினேன், பிறகு இறங்கினேன். அப்புறம் ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் மறுபடி முதலிலிருந்து அதே கவுண்டி.

நிஜமான லெஸ்டர்ஷைர் என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறது. 2015ல் அந்த ஆயிரம் நாள் வறட்சியை முடித்தபோது பயிற்சியாளராக இருந்த ஆண்ட்ரூ மெக்டொனால்டு பின்னால் ஆஸ்திரேலியாவுக்கே பயிற்சியாளர் ஆனார். அவர்கள் வளர்த்த ரெஹான் அகமது 2022 டிசம்பரில் கராச்சியில், 18 வயதில், இங்கிலாந்து ஆண்கள் டெஸ்ட் அணியில் ஆடியவர்களிலேயே இளையவராக இறங்கி இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். 2023 செப்டம்பரில் டிரென்ட் பிரிட்ஜில் ஒருநாள் கோப்பை இறுதி ஆட்டம். ஹாம்ப்ஷைருக்கு எதிராக முதலில் ஆடி, ஆரம்பத்திலேயே விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்து, ஹாரி ஸ்விண்டெல்ஸ் என்கிற விக்கெட் கீப்பர் சதம் அடித்து நிமிர்த்தி, கடைசியில் இரண்டே ரன்னில் ஜெயித்தார்கள். 2025ல் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து, 2003க்குப் பிறகு முதல் தடவையாக மேலே போகத் தகுதி பெற்றார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "அது உன்னோட டீமா, அவங்களோட டீமா?" என்று அப்பா கேட்டார். அவங்களோடதுதான்ப்பா என்று சொன்னேன். "அப்ப நீ எதுக்கு ஸ்வீட் வாங்கிட்டு வந்தே?" என்றார்.

என் டீம் இப்போது முதல் டிவிஷனில் கடைசிக்கு ஒரு இடம் மேலே இருக்கிறது. ஐந்து ஆட்டம் பாக்கி. தொடக்க ஆட்டக்காரருக்கு 34 வயது, இந்த வருடச் சராசரி 22, ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. ஊருக்குப் போய்த்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே யாருக்காவது யோசனை இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லுங்கள். அவருடைய மூன்று வருட எண்களைப் பையில் எழுதி வைத்திருக்கிறேன்.